நெடும்பயண மோட்டார் சைக்கிள்: வாங்குமுன்னும் வாங்கியபின்னும்

மழைக்காலம் முடியும் தறுவாயில் ஒரு நாள், புனே நகரிலுள்ள எங்கள் கிளைக்கு ஓர் இளைஞர் தம் தந்தையாருடன் வந்தார். காறை எலும்பு முறிந்து, இடக்கை கட்டுத்துணியில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்களிடம் கடன் பெற்று, 1,000 சிசி வகுப்பைச் சேர்ந்த ஸ்போர்ட் டூரிங் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கியவர் அவர். ஒரு தவணையும் தவறியதில்லை. மழையில் மலைப்பாதை வளைவொன்றில் பின்சக்கரம் வழுக்கியது. வண்டி தடுப்புச் சுவரில் மோதிச் சிதைந்தது. தலைக்கவசமும் தரமான மேலங்கியும் அவர் உயிரைக் காத்தன.

காப்பீட்டுத் தொகை எங்கள் கிளைக்கு வந்திருந்தது. கடன் பாக்கியைக் கழித்துக்கொண்டு, எஞ்சியதை அவர் கணக்கில் வரவு வைத்திருந்தோம். எஞ்சியது ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாய். அவர் அந்தத் தாளையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தாம் வண்டியில் பூட்டிய துணைப்பொருள்களின் பட்டியலை எடுத்து மேசைமேல் வைத்தார். மொத்தம் 2,10,000 ரூபாய். "இதற்கு ஒன்றுமே வராதா, சார்?" என்று கேட்டார். வராது என்று சொல்ல வேண்டியிருந்தது. புறப்படும்போது அவர் சொன்னது எங்கள் மனத்தில் தைத்துவிட்டது: "பின் டயரை மாற்ற வேண்டும் என்று சர்வீஸில் சொன்னார்கள். அந்த மாதம் சைலன்சர் வாங்கிவிட்டேன்."

அந்தச் சொற்களே இக்கட்டுரைக்குக் காரணம். நெடும்பயண வண்டிமீது ஆசை கொள்வதில் தவறில்லை. அந்த ஆசைக்குக் கடன் தருவதும் எங்கள் தொழிலே. ஆனால் வண்டிக்கான செலவுகளுக்கு ஒரு வரிசை உண்டு. அவ்வரிசை மாறும்போது பணமும் போகிறது. உயிருக்கும் ஊறு நேர்கிறது. அந்த வரிசையை வாடிக்கையாளர்களுக்கு எடுத்துரைப்பதே இங்கு எங்கள் நோக்கம்.

எந்த வகை வண்டி இது?

பந்தய வண்டியின் வேகமும், நாள் முழுதும் அமர்ந்து செல்லத்தக்க வசதியும் ஒருங்கே அமைந்ததே ஸ்போர்ட் டூரிங் மோட்டார் சைக்கிள். பந்தய வண்டியில் ஓட்டுநர் பெட்ரோல் டேங்கின்மேல் கவிழ்ந்து படுத்தாற்போல் அமர வேண்டும். நூறு கிலோமீட்டருக்குள் மணிக்கட்டும் முதுகும் வலிக்கும். நெடும்பயண வண்டியில் கைப்பிடி சற்று உயர்ந்திருக்கும், இருக்கை அகன்றிருக்கும், ஃபேரிங் எனப்படும் முன்கவசம் எதிர்காற்றை ஓட்டுநரின் மார்பில் அறையவிடாமல் விலக்கும், பின்னால் பெட்டிகள் பூட்ட இடமிருக்கும்.

உலக அளவில் இவ்வகைக்கு வழிகாட்டியாகப் பலரும் குறிப்பிடுவது, 1976இல் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் வெளியிட்ட ஆர் 100 ஆர்.எஸ். என்னும் வண்டியை. காற்றுச்சுரங்கத்தில் சோதித்து வடிவமைத்த முழு முன்கவசத்துடன் அது தொழிற்சாலையிலிருந்தே வெளிவந்தது. நம் நாட்டில் நடுத்தரக் குடும்பத்து இளைஞர்களுக்கு இவ்வகைப் பயணத்தின் சுவையைக் காட்டியது, 2003இல் வந்த 223 சிசி கரிஷ்மா. 2011இல் ஹோண்டாவின் சி.பி.ஆர். 250 ஆர், 2016இன் இறுதியில் பஜாஜின் டோமினார் 400 என வரிசை நீண்டது. மேல்தட்டில், 1,043 சிசி இன்ஜினும் 19 லிட்டர் டேங்கும் கொண்ட கவாசாகி நிஞ்ஜா 1000 போன்றவை நெடுஞ்சாலைகளில் இன்று அரிய காட்சியல்ல.

எங்கள் ஊர் இவ்வகை வண்டிகளுக்கு உகந்த ஊர். மும்பை–புனே விரைவுச்சாலையில் இருசக்கர வண்டிகளுக்கு அனுமதியில்லை. ஆயினும் கண்டாலா வழியே செல்லும் பழைய நெடுஞ்சாலை உண்டு. தெற்கே கம்பாட்கி மலைப்பாதையைக் கடந்தால் சாத்தாரா, கோலாப்பூர். அங்கிருந்து அம்போலி மலை இறங்கிக் கடற்கரைக்குச் செல்லலாம். சனிக்கிழமை விடியற்காலையில் இச்சாலைகளில் செல்வோர் பலர் வங்கிக் கடனில் வாங்கிய வண்டியில்தான் செல்கிறார்கள். ஆதலால் இவ்வண்டியின் கணக்கு நமக்கும் உரிய கணக்கே.

விலைச்சீட்டுக்கு அப்பால்

விற்பனைக்கூடத்தில் சொல்லப்படும் விலை முதற்படி மட்டுமே. அவ்விலைக்குள்ளேயே சரக்கு மற்றும் சேவை வரி அடங்கியிருக்கிறது. 350 சிசிக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்களுக்கு 28 விழுக்காடு வரியும் 3 விழுக்காடு மேல்வரியும் இருந்த நிலை மாறி, 2025 செப்டம்பர் 22 முதல் 40 விழுக்காடு வரி நடைமுறைக்கு வந்தது. 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு 18 விழுக்காடு. எனவே 350 சிசி என்னும் எல்லைக்கு இப்புறம் இருப்பதா அப்புறம் இருப்பதா என்பது வாங்குவோர் நின்று நினைக்க வேண்டிய முதற்கேள்வி.

இவ்விலையின்மேல் மாநிலத்தின் சாலை வரியும் பதிவுக் கட்டணமும் சேரும். அடுத்தது காப்பீடு. புதிய இருசக்கர வண்டிகளுக்கு 2018 செப்டம்பர் முதல் ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, 350 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்கு இதன் ஐந்தாண்டு முனைமம் 15,117 ரூபாய். இது பிறருக்கு நம் வண்டியால் நேரும் இழப்பை ஈடுசெய்வது. நம் வண்டிக்கு நேரும் சேதத்துக்கு ஒரு காசும் தராது. நம் வண்டிக்குரிய சொந்தச் சேதக் காப்பீட்டை ஆண்டுதோறும் புதுப்பிப்பதே பெரும்பாலோர் வழக்கம். "ஐந்தாண்டுக்குக் கட்டிவிட்டோமே" என்று எண்ணி இரண்டாம் ஆண்டில் சொந்தச் சேதக் காப்பீட்டை விட்டுவிடுவோரைக் கிளையில் அடிக்கடி காண்கிறோம். மூன்றாவதாக, வண்டி உரிமையாளர் தாமே ஓட்டும்போது நேரும் விபத்துக்கான 15 லட்சம் ரூபாய்த் தனிநபர் விபத்துக் காப்பீடு. இம்மூன்றும் மூன்று வேறு பொருள்கள் என்பதை மனத்திற்கொள்ள வேண்டும்.

சொந்தச் சேதக் காப்பீட்டில் காப்பீடு செய்யப்பட்ட மதிப்பு என்று ஒரு தொகை அச்சிட்டிருக்கும், ஐ.டி.வி. என்பார்கள். வண்டி முற்றிலும் அழிந்தாலோ களவு போனாலோ கிடைக்கக்கூடிய உச்சத் தொகை அதுவே. உற்பத்தியாளரின் விற்பனை விலையிலிருந்து வண்டியின் வயதுக்கேற்பத் தேய்மானம் கழித்து அதைக் கணக்கிடுவர். ஆறு மாதம் வரை 5 விழுக்காடு. ஓராண்டு வரை 15. இரண்டாண்டு வரை 20. மூன்றாண்டு வரை 30. நான்காண்டு வரை 40. ஐந்தாண்டு வரை 50. சாலை வரியும் பதிவுக் கட்டணமும் இம்மதிப்பில் சேரா.

இப்போது அந்த இளைஞரின் கணக்கைப் பார்ப்போம். விளங்குவதற்கு எளிதாகத் தொகைகளை முழுமைப்படுத்திச் சொல்கிறோம். வண்டியின் விற்பனை விலை 12,00,000 ரூபாய். வரி, பதிவு, காப்பீடு உட்படச் சாலைக்கு வந்த விலை 14,40,000. தம் கையிலிருந்து 2,40,000 செலுத்தினார், 12,00,000 கடன். ஐந்தாண்டுத் தவணை, 11 விழுக்காடு வட்டி. மாதத் தவணை ஏறத்தாழ 26,091 ரூபாய். இருபத்து நான்கு தவணைகள் கட்டி முடித்து, மூன்றாம் ஆண்டுக்குக் காப்பீட்டைப் புதுப்பித்த சில நாள்களில் விபத்து நேர்ந்தது. பழுதுபார்க்கும் செலவு ஐ.டி.வி.யில் 75 விழுக்காட்டைத் தாண்டியதால் வண்டி முழு இழப்பாகக் கொள்ளப்பட்டது. மூன்றாம் ஆண்டின் ஐ.டி.வி. 8,40,000 ரூபாய்.

வண்டியில் செய்திருந்த மாற்றங்கள் பற்றிக் காப்பீட்டு நிறுவனம் கேள்விகள் எழுப்பியது. அவற்றுக்கு விடையளித்து முடிக்க மூன்று மாதம் ஆயிற்று. அந்த மூன்று தவணைகளையும் ஓய்வுபெற்ற ஆசிரியரான அவர் தந்தையார் தம் ஓய்வூதியத்திலிருந்து கட்டினார். கடன் நிலுவையில் உள்ள வண்டிக்கு இழப்பீடு முதலில் கடன் தந்த வங்கிக்கே வரும். அன்று நின்ற பாக்கி ஏறத்தாழ 7,40,000 ரூபாய். எஞ்சியது ஒரு லட்சம். முன்பணம் 2,40,000, இருபத்தேழு தவணைகளுக்கு ஏறத்தாழ 7,04,000, துணைப்பொருள்கள் 2,10,000 என அக்குடும்பம் செலவிட்டது பதினொன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல். யாரும் அவரை ஏமாற்றவில்லை. ஒவ்வொரு தொகையும் விதிப்படியே வந்தது. விதியை முன்பே அறிந்திருந்தால் கணக்கை வேறுவிதமாக அமைத்திருக்கலாம் என்பதே வருத்தம்.

எவ்வாறு அமைத்திருக்கலாம்? புதிய வண்டிக்கு "ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்" என்னும் கூடுதல் காப்பைச் சிறிது முனைமம் சேர்த்துப் பெறலாம்; முழு இழப்பு நேர்ந்தால் ஐ.டி.வி.க்கும் வாங்கிய விலைக்கும் உள்ள இடைவெளியை அது நிரப்பும். எத்தனை ஆண்டு வரை அது கிடைக்கும் என்பதைக் காப்பீட்டு ஆவணத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். சிறு விபத்துகளுக்கு "ஜீரோ டிப்ரிசியேஷன்" காப்பு உதவும். சாதாரணக் காப்பீட்டில் பிளாஸ்டிக், ரப்பர், நைலான் பாகங்களுக்கும் டயர், பேட்டரிக்கும் 50 விழுக்காடும், ஃபைபர் கிளாஸ் பாகங்களுக்கு 30 விழுக்காடும் தேய்மானம் கழிப்பர். நெடும்பயண வண்டியின் முன்கவசம் பெரும்பாலும் பிளாஸ்டிக்கே. நின்ற இடத்தில் வண்டி சாய்ந்து 60,000 ரூபாய்க்கு முன்கவசம் மாற்ற நேர்ந்தால், அதில் பாதி நம் கையிலிருந்து போகும்.

பேணுதல் என்னும் முதற்செலவு

தவணையைப் போலவே பராமரிப்பும் தள்ளிப்போட முடியாத கடன். தவணை தவறினால் வங்கி நினைவூட்டும். பராமரிப்பு தவறினால் சாலைதான் நினைவூட்டும்.

டயரிலிருந்து தொடங்குவோம். இரண்டு உள்ளங்கை அகலமுள்ள ரப்பர்தான் வண்டியைச் சாலையோடு பிணைக்கிறது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று பொறித்திருக்கும். 2322 என்றிருந்தால், 2022ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். பட்டைகள் ஆழமாகவே இருந்தாலும், ஆண்டுகள் கடந்த ரப்பர் இறுகிவிடும். ஈரச் சாலையில் பிடிப்பு குறையும். பட்டைகளின் இடையில் சிறு மேடுகளாகத் தேய்வுக்குறிகள் இருக்கும். மேற்பரப்பு அவற்றின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. நெடுஞ்சாலையில் நேராகவே ஓடும் டயர் நடுவில்தான் முதலில் தேயும். ஓரத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது. மாற்றும்போது அதே அளவும் அதே வேகக் குறியும் உள்ளதையே வாங்க வேண்டும். எச் என்னும் குறி மணிக்கு 210 கிலோமீட்டர் வரையும், வி 240 வரையும், டபிள்யூ 270 வரையும் தாங்கத்தக்க டயரைக் குறிக்கும். பெரிய வண்டிக்கு ஒரு ஜோடி டயர் முப்பதாயிரம் ரூபாயைத் தாண்டுவது வழக்கம். இச்செலவைத் தள்ளிப்போடத் தோன்றுவதற்கு அவ்விலையே காரணம். அதை முன்கூட்டியே சேமித்து வைக்க வேண்டியதற்கும் அதுவே காரணம். காற்றழுத்தத்தை வண்டி ஓடிச் சூடேறுமுன் பார்க்க வேண்டும். இருவர் ஏறிப் பெட்டியும் பூட்டினால் அழுத்தம் எவ்வளவு என்பதைக் கையேடு சொல்லும்.

அடுத்தது செயின். ஐந்நூறு முதல் எழுநூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை துடைத்து எண்ணெயிடுவது நல்ல வழக்கம். மழையில் ஓட்டினால் அன்றன்றே. இவ்வண்டிகளின் செயினில் ஒவ்வோர் இணைப்பிலும் நுண்ணிய ரப்பர் வளையங்கள் உண்டு. பெட்ரோலும் கம்பித் தூரிகையும் அவற்றைக் கெடுக்கும். செயின் கிளீனரும் மென்தூரிகையும் போதும். தொய்வு கையேட்டில் சொன்ன அளவில் இருக்க வேண்டும். "இறுக்கமாக இருந்தால் நல்லது" என்று எண்ணுவது தவறு. இருவர் ஏறிப் பின்பகுதி தாழும்போது செயின் மேலும் இறுகும். அது கியர்ப்பெட்டியின் பேரிங்கைத் தின்னும். மாற்றும்போது செயினையும் இரு பற்சக்கரங்களையும் ஒருசேர மாற்ற வேண்டும். தேய்ந்த பல்லில் புதுச் செயின் நிலைக்காது.

பிரேக் திரவம் பலர் மறந்துபோவது. டாட் 4 வகைத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் கூடக் கூட அதன் கொதிநிலை குறையும். அம்போலி போன்ற நீண்ட இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து பிடிக்கும்போது திரவம் கொதித்து ஆவிக்குமிழ் உண்டானால், நெம்புகோல் பஞ்சுபோல் அமுங்கும், பிரேக் பிடிக்காது. இரண்டாண்டுக்கு ஒருமுறை இதை மாற்ற ஆகும் செலவு ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டுக்கு மேல் பெரிதாகப் போகாது. குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டுக்கும் கையேட்டில் காலவரை உண்டு. இன்ஜின் ஆயிலில் ஜேசோ எம்.ஏ.2 என்னும் தரக்குறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவ்வண்டிகளின் கிளட்ச் ஆயிலிலேயே மூழ்கி இயங்குவது. உராய்வைக் குறைக்கும் வேதிப்பொருள் சேர்த்த கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் நழுவும்.

ஓடும் வண்டியைவிட நிற்கும் வண்டி சீக்கிரம் கெடும் என்பதும் உண்மை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கும் வண்டியில் பேட்டரி மெல்ல இறங்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை ஈர்க்கும். ஒரே இடத்தில் நின்ற டயர் தட்டையாகும். மாதக்கணக்கில் எடுக்க முடியாதபோது டேங்கை நிரப்பி, பேட்டரியைப் பராமரிப்பு சார்ஜரில் இணைத்து, நடுத்தாங்கியில் நிறுத்துவது நலம்.

இச்செலவுகளுக்கெல்லாம் நாங்கள் சொல்லும் வழி எளியது. வண்டிக் கடன் தொடங்கும் அதே நாளில் அதே கிளையில் ஒரு தொடர் வைப்புக் கணக்கையும் தொடங்குங்கள். மாதம் 3,000 ரூபாய் என்றால் ஆண்டிறுதியில் 36,000 ரூபாயும் அதற்குரிய வட்டியும் இருக்கும். அதற்கு "டயர் கணக்கு" என்று வீட்டில் பெயர் வைத்துவிட்டால் வேறு எதற்கும் அதைத் தொட மனம் வராது. தவணையுடன் இந்த 3,000 ரூபாயையும் சேர்த்துக் கட்ட வருமானம் இடந்தரவில்லை என்றால், தேர்ந்தெடுத்த வண்டி நம் வருமானத்துக்கு ஒரு படி பெரியது என்று அறியலாம்.

மாற்றம்: எது தகும், எது தகாது?

வண்டியைத் தமக்கேற்ப மாற்றிக்கொள்ளும் விருப்பம் இயல்பானது. நம் உடல் அளவு வேறு, வடிவமைத்தவர் எண்ணிய உடல் அளவு வேறு. ஆயினும் மாற்றங்களை மூன்று தட்டுகளாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் தட்டு, உடல் வசதிக்காகப் பூட்டிக் கழற்றக்கூடியவை: உயர்ந்த காற்றுக் கண்ணாடி, இருக்கை மெத்தை, கைக்காப்பு, பயணப் பெட்டிகள், சார்ஜர். உற்பத்தியாளரே விற்கும் துணைப்பொருள்களை முதலில் நாடுவது நன்று. டோமினார் 400 வண்டி 2021 முதல் உயர்ந்த காற்றுக் கண்ணாடி, கைக்காப்பு, இன்ஜின் அடித்தகடு, பெட்டி தாங்கி, முதுகுச் சாய்வு ஆகியவற்றுடன் தொழிற்சாலையிலிருந்தே வந்தது. இவ்வாறு வருபவை வண்டியின் விற்பனை விலையிலேயே அடங்கும்; ஐ.டி.வி.யிலும் சேரும்.

எளிய பொருளிலும் கவனம் வேண்டும். கைப்பிடியை உயர்த்தும் ரைசர் பூட்டினால், கைப்பிடியை இருபுறமும் முழுதாகத் திருப்பிப் பார்த்து, பிரேக் குழாயும் கம்பிகளும் இழுபடவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். பெட்டிகளில் கனமானதைக் கீழேயும் ஓட்டுநருக்கு அருகிலும் வைக்க வேண்டும். பின்பெட்டியில் கனம் ஏற்றினால் முன்சக்கரம் இலேசாகி, வேகத்தில் கைப்பிடி நடுங்கும். கூடுதல் விளக்குகளுக்கு மின்கணக்கு உண்டு. 40 வாட் விளக்கு இரண்டு என்றால் 12 வோல்ட்டில் ஏறத்தாழ 7 ஆம்பியர் மின்னோட்டம். வண்டியின் மின்னாக்கி அதைத் தாங்குமா என்று கேட்டறிந்து, தனி ரிலேவும் ஃபியூஸும் வைத்து இணைக்க வேண்டும். தொழிற்சாலைக் கம்பியை வெட்டி ஒட்டினால் உத்தரவாதம் போவதோடு தீப்பற்றும் இடரும் உண்டு.

இரண்டாம் தட்டு, பதிவுச் சான்றிதழோடு தொடர்புடையவை. வண்டியின் நிறம் சான்றிதழில் உள்ளது. நிறத்தை மாற்றினால் பதிவு அலுவலகத்தில் விண்ணப்பித்துச் சான்றிதழிலும் மாற்ற வேண்டும். இன்ஜினை மாற்ற நேர்ந்தால் முன்கூட்டிய ஒப்புதல் வேண்டும்.

மூன்றாம் தட்டு, தொடவே கூடாதவை. மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவின்படி, உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து சான்றிதழின் விவரங்கள் மாறுபடும் வகையில் வண்டியை மாற்றலாகாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதிப்படுத்தியது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மாற்றியமைக்கப்பட்ட 182அ பிரிவு, அனுமதியில்லா மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. ஒலி, புகை விதிகளை மீறினால் 190ஆம் பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ விதிக்கப்படலாம். ஓட்டுநர் உரிமத்துக்கும் மூன்று மாதத் தடை உண்டு. இரைச்சல் மிகுந்த சைலன்சர், சட்டகத்தை வெட்டி ஒட்டுதல், எண் பலகையை மறைக்குமாறு மடித்தல் ஆகியன இத்தட்டில் சேரும். 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ். 6 வண்டிகளில் புகைக்குழாயினுள் வினையூக்கியும் ஆக்சிஜன் உணரியும் உண்டு. அவற்றை அகற்றி, இன்ஜினின் கணினியை மாற்றி எழுதுவோர் சில குதிரைத்திறன் பெறலாம். உத்தரவாதத்தையும் புகைச் சான்றிதழையும் இழக்கிறார்கள். விபத்துக்குப்பின் காப்பீட்டு மதிப்பீட்டாளர் முதலில் புகைப்படம் எடுப்பதும் இப்பகுதியைத்தான்.

தாளில் இருப்பதே கணக்கில் இருக்கும்

அந்த இளைஞரின் 2,10,000 ரூபாய் ஏன் வரவில்லை? பொருள்கள் வண்டியில் இருந்தன. காப்பீட்டு ஆவணத்தில் இல்லை. வண்டியின் விற்பனை விலையில் சேராத மின்சாரத் துணைப்பொருள்களின் மதிப்பை ஆவணத்தில் தனியே குறித்து, அம்மதிப்புக்கு வழக்கமாக 4 விழுக்காடு கூடுதல் முனைமம் செலுத்திக் காப்புப் பெறலாம். மின்சாரமல்லாத பொருள்களையும் அவ்வாறே மதிப்புக் குறித்துச் சேர்க்கலாம். 50,000 ரூபாய் மதிப்புள்ள விளக்கும் கருவிகளும் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 ரூபாய். இதற்குத் தேவை ஒரு கடிதமும் வாங்கிய ரசீதுகளின் நகலும்.

ஆகவே, வாடிக்கையாளர்கள் பின்வரும் வழக்கங்களைக் கைக்கொள்ள வேண்டுகிறோம்.

எந்தப் பொருளைப் பூட்டினாலும் ரசீதைப் பாதுகாத்து, காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, ஆவணத்தில் சேர்த்ததற்கான தாளைப் பெறுங்கள். கடன் நிலுவையில் உள்ளபோது வண்டி வங்கியின் பிணையமாகவும் இருக்கிறது. பெரிய மாற்றம் எதையும் செய்யுமுன் கடன் ஒப்பந்தத்தைப் படித்து, கிளைக்கு ஒரு கடிதம் தாருங்கள்.

காப்பீட்டைக் காலாவதியாகவிடாதீர்கள். ஆண்டு முழுதும் இழப்பீடு கோராதவர்க்குச் சொந்தச் சேத முனைமத்தில் 20 விழுக்காட்டில் தொடங்கி, ஆண்டுகள் செல்ல 25, 35, 45, 50 எனத் தள்ளுபடி உயரும். காலாவதியாகித் தொண்ணூறு நாள் கடந்தால் சேர்த்த தள்ளுபடி முழுதும் போய்விடும். இத்தள்ளுபடி உரிமையாளருக்கு உரியது. வண்டியை விற்றாலும் அடுத்த வண்டிக்கு எடுத்துச் செல்லலாம்.

கடன் முடிந்ததும் எங்களிடம் தடையின்மைச் சான்றும் கையொப்பமிட்ட படிவம் 35உம் பெற்று, பதிவுச் சான்றிதழிலுள்ள அடமானக் குறிப்பை நீக்கிவிடுங்கள். பழைய வண்டி வாங்குவோர் அக்குறிப்பு நீங்கியிருக்கிறதா என்று பார்த்தபின்னரே பணம் தர வேண்டும்; படிவம் 29, 30 வழியாகப் பெயரை மாற்றுவதோடு, பதினான்கு நாளுக்குள் காப்பீட்டையும் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். வேறு மாநில வண்டியாயின் படிவம் 28இன்படியான தடையின்மைச் சான்றும் தேவை. வாங்கும் வண்டியில் முந்தைய உரிமையாளர் பூட்டிய சைலன்சர் இருந்தால், பழைய அசல் சைலன்சரையும் கேட்டு வாங்குங்கள்.

செலவின் வரிசை

சொன்னவற்றைச் சுருக்கினால் செலவுக்கு இவ்வரிசை அமையும். முதலில் உடல்: ஐ.எஸ். 4151 தரக்குறி பெற்ற தலைக்கவசம், மேலங்கி, கையுறை, கணுக்காலை மூடும் காலணி. அடுத்து டயரும் பிரேக்கும். அடுத்து காப்பீடு. பிறகு காலமுறைப் பராமரிப்பு. இவை நான்கும் நிறைவான பின், மீதமிருந்தால் வசதிக்கான மாற்றங்கள். இந்த வரிசையில் அழகும் ஒலியும் கடைசியில்கூட வராமற்போகலாம். அதனால் பயணத்தின் இன்பம் குறைவதில்லை.

அந்த இளைஞர் சில மாதம் கழித்து மீண்டும் எங்கள் கிளைக்கு வந்தார். கை குணமாகியிருந்தது. எஞ்சிய ஒரு லட்சத்தை அவர் தொடவில்லை. அதனுடன் சிறிது சேர்த்து, கடனின்றிப் பழைய 250 சிசி வண்டி ஒன்றை வாங்கியிருந்தார். தந்தையார் கட்டிய மூன்று தவணைகளை மாதந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக அவர் கணக்குக்குத் திருப்பிக்கொண்டிருக்கிறார் என்பதையும் பரிமாற்றச் சீட்டில் கண்டோம். அன்று அவர் வந்தது தொடர் வைப்புக் கணக்கு தொடங்க. நோக்கம் என்ன என்று வழக்கம்போல் கேட்டோம்.

"டயர்" என்றார்.

அருகில் நின்ற தந்தையார், மகன் படிவத்தில் கையெழுத்திடும் வரை காத்திருந்து, அதை ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு எங்களிடம் கொடுத்தார்.